மழை நாளில் மூன்றாவது எட்டு: சென்னை அடுக்ககம் ஒன்றின் நுழைவாயில் வழுக்கல் – நிகழ்வு ஆய்வு

மேற்கு மாம்பலத்தில் தொடங்கி மடிப்பாக்கம் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் கண்ணில் படுகிற கட்டடம்தான் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, நடுவில் சின்ன லாபி, ஒரு லிஃப்ட். இது குறிப்பிட்ட ஒரு முகவரி அல்ல. ஒரே மாதிரி கட்டி ஒரே மாதிரி வழுக்குகிற பல நுழைவாயில்களின் பொது அம்சங்களை ஒரே கட்டடமாகச் சேர்த்து எழுதியிருக்கிறது. உங்கள் வாசலோடு ஒப்பிட்டுப் பார்க்க இதுவே வசதி.

அமைப்பு இப்படி. கேட்டிலிருந்து உள்ளே பேவர் பிளாக். அடுத்து பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்டில் மூன்று படி; பக்கத்திலேயே அதே கிரானைட்டில் 1:10 சரிவில் சாய்தளம். படி ஏறியதும் 800 மி.மீ. சதுர விட்ரிஃபைடு டைல், முகம் தெரிகிற மினுமினுப்பு. உள்ளே போய் வலப்பக்கம் திரும்பினால் லிஃப்ட். வாசலில் தென்னைநார் மிதியடி ஒன்று. முதல் மாடி ஏசியின் தண்ணீர்க் குழாய் கடைசிப் படியின் இடது ஓரத்தில் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே ஆட்கள் விழுகிறார்கள். ஆனால் நனைந்து மின்னும் படியில் விழுவது குறைவு. கூரைக்குக் கீழே, லாபிக்குள், வாசலிலிருந்து இரண்டு மூன்று எட்டு தள்ளித்தான் விழுகிறார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சு வழக்கமாக மூன்று பக்கம் போகும்: செருப்பு சரியில்லை, வாட்ச்மேன் சரியாகத் துடைப்பதில்லை, வயதானவர்கள் பார்த்து நடக்க வேண்டும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஏன் அந்த ஒரே இடம் என்ற கேள்விக்கு மூன்றிலும் பதில் இல்லை. நம்மைக் கீழே தள்ளுவது, நாம் எதிர்பார்த்த பிடிக்கும் தரை கொடுத்த பிடிக்கும் நடுவே திடீரென்று விழுகிற இடைவெளி. அந்த இடைவெளி இந்த வாசலில் எங்கே, எதனால் உண்டாகிறது என்று கண்டுபிடித்து, அங்கே வேலை செய்தால் போதும். லாபி முழுவதையும் உடைத்துப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

குதிகால் இறங்கும் நொடி

நடக்கும்போது முன்காலின் குதிகால் தரையைத் தொட்டு, உடல் எடை அதன் மேல் ஏறுகிற முதல் பத்தில் ஒரு விநாடி அளவுதான் ஆபத்தான நேரம். கால் அப்போது தரையை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலை உராய்வு தாங்க வேண்டும். சமதளத்தில் சாதாரண நடைக்குத் தேவைப்படும் உராய்வுக் குணகம் சுமார் 0.2, அதாவது காலின் மேல் இறங்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. வேகமாக நடந்தாலும், எட்டை நீட்டிப் போட்டாலும், திரும்பினாலும் தேவை கூடும். தரை அதைக் கொடுக்காவிட்டால் குதிகால் முன்னால் ஓடும். 3 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் நமக்கே தெரியாது. 10 செ.மீ.யைத் தாண்டினால் சமாளிப்பது அரிது. கால் முன்னால் ஓடும்போது உடல் பின்னால் சாய்கிறது. அதனால் அடி படுவது இடுப்பிலும், வால் எலும்பிலும், ஊன்றிய கையின் மணிக்கட்டிலும், பின்மண்டையிலும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு என்பது பல மாதம் படுக்கை. இந்த விஷயத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

வழுக்கும் என்று தெரிந்துவிட்டால் உடல் தானாக மாறிக்கொள்ளும். எட்டு குறுகும், பாதம் தட்டையாக இறங்கும், வேகம் குறையும். தேவையான உராய்வே 0.2க்குக் கீழே போய்விடும். நனைந்த படியில் ஆட்கள் தப்பித்துக்கொள்வது இப்படித்தான். பேவர் பிளாக்கில் சொரசொரப்பு இருக்கிறது. மழையிலும் கால் நன்றாகப் பிடிக்கும். படியில் மினுக்கத்தைப் பார்த்து எச்சரிக்கையாக ஏறுகிறார்கள். வாசலைத் தாண்டியதும் கூரை வந்துவிட்டது, விளக்கு எரிகிறது, தரை காய்ந்தது போலத் தெரிகிறது. குடையை மடக்குகிறார்கள், பையைக் கை மாற்றுகிறார்கள், நடை பழைய எட்டுக்குத் திரும்புகிறது. லிஃப்ட்டுக்காக வலப்பக்கம் திரும்பும் எட்டும் அதுவே. தேவை கூடுகிற அந்த நேரத்தில் செருப்பின் அடியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, கீழே கண்ணாடி போல வழவழத்த டைல். மூன்றாவது எட்டில் விழுவது தற்செயல் அல்ல.

தண்ணீர்ப் படலம்

ரப்பரும் கல்லும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டால் ஈரத்திலும் ஓரளவு பிடி கிடைக்கும். நடுவில் ஒரு படலம் சிக்கி, அது பிதுங்கி வெளியேறும் முன்பே எடை மேலே ஏறிவிடுவதுதான் சிக்கல். வெளியேற ஆகும் நேரம் திரவத்தின் பாகுநிலை (ஓடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை), தொடும் பரப்பின் அகலம், அழுத்தம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. அகலம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அகலம்தான் இங்கே முக்கியம் என்பதை ஒரு தோராயக் கணக்கே காட்டிவிடும். 3 செ.மீ. அகலத்துக்கு மழமழவென்று தேய்ந்த குதிகால், சதுர செ.மீ.க்கு 2 கி.கி. அழுத்தம், அடியில் தண்ணீர்: படலம் 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெலிய ஒரு விநாடியின் நூறில் சில பங்கு ஆகும். பிடி தேவைப்படுவதோ 0.1 விநாடிக்குள்; அதில் நல்ல பகுதி இதிலேயே போய்விடும். அதே குதிகாலில் 5 மி.மீ. அகலக் கட்டைகளாக வரி வெட்டியிருந்தால் ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கிலேயே தண்ணீர் ஓடிவிடும்.

அதனால் அடி தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பு மழையில் உண்மையிலேயே ஆபத்து. மேல்பட்டை நன்றாக இருக்கிறதே என்று வைத்திருப்போம். திருப்பிப் பார்த்தால் குதிகாலில், அதுவும் வெளி ஓரத்தில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய மழமழப்பு இருக்கும். அந்த அளவு வந்துவிட்டால் மழைக்காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டாம்.

ஆனால் வருகிறவர் எல்லோருடைய செருப்பையும் நாம் மாற்ற முடியாது. தரையின் பக்கம் என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டும். தரையில் உள்ள நுண்ணிய முனைகள் படலத்தைத் துளைத்துக்கொண்டு ரப்பரைத் தொட வேண்டும். அதற்கு முனைகளுக்குப் போதிய உயரம் வேண்டும். இந்த உயரத்தை ஆர்.இசட். என்ற சொரசொரப்பு அளவால் குறிக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு 20 மைக்ரானாவது வேண்டும். எண்ணெய்க்கு 70 மைக்ரான் அளவு. பாலிஷ் போட்ட விட்ரிஃபைடு டைலிலும் கிரானைட்டிலும் இது ஒற்றை இலக்க மைக்ரான். தேய்ந்து வழவழத்த அம்மியில் மிளகாய் அரைபடாமல் நழுவும்போது, கொத்துகிறவரைக் கூப்பிட்டு உளியால் முனை எழுப்பச் சொல்வோம். தரையிலும் தேவைப்படுவது அதே முனைதான், மைக்ரான் கணக்கில்.

தரையின் மேல் என்ன இருக்கிறது

டைல் மாறாமலேயே வழுக்கல் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது என்றால் துடைக்கிற முறையைப் பார்க்க வேண்டும். வழக்கமாக நடப்பது: ஒரு வாளி போர் தண்ணீர், அதில் கண் அளவாகப் பினாயில், சில நாள் கூடவே ஒரு பிடி சோப்புத்தூள். ஒரே வாளியில் மாப்பை நனைத்து நனைத்து லாபி, படி, நடைபாதை எல்லாம் துடைப்பது. இதில் மூன்று தவறு. பினாயிலில் எண்ணெய் இருக்கிறது; அளவு கூடினால் தண்ணீர் காய்ந்த பிறகும் அது தரையில் தங்கும். சோப்பு, கடின நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகப் படிகிறது. சென்னையின் போர் தண்ணீரில் இதற்குக் குறைவே இல்லை. மூன்றாவது, அழுக்கேறிய வாளித் தண்ணீர், எடுத்த எண்ணெய்ப் பசையையே மறுபடி லாபி முழுவதும் பூசிவிடுகிறது. காய்ந்திருக்கும்போது தரை பளிச்சென்று இருக்கும். முதல் மழையில் அந்தப் பிசுக்கு நனைந்து, வெறும் தண்ணீரைவிட மோசமாக வழுக்கும்.

பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, தினமும் துடைக்கிற இடத்தில் கையகல வட்டத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். துணி சாம்பல் நிறமானால் படிவு இருக்கிறது. தேய்த்த இடத்திலும் தேய்க்காத இடத்திலும் ஒவ்வொரு சொட்டு தண்ணீர் விட்டால், ஒன்றில் பரவும், மற்றதில் முத்தாக நிற்கும். இந்த வித்தியாசத்தைத் துடைக்கிறவருக்கும் அசோசியேஷன்காரர்களுக்கும் நேரில் காட்டிவிட்டால் அப்புறம் விவாதம் தேவைப்படாது.

தண்ணீர் இல்லாமலும் வழுக்கும். கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடர் காயை எப்படி ஓடவிடுகிறது என்று தெரியும். குழந்தைக்குப் போட்ட பவுடர் மொசைக்கில் சிந்தினாலும் அதே கதைதான். வாசலில் இதற்கு இன்னொரு வடிவம் கோலமாவு. கல்மாவு கலந்த கோலப்பொடியின் துகள்கள் காய்ந்த பாலிஷ் கிரானைட்டில் காலடியில் உருளும். கோலத்தை நிறுத்தச் சொல்லும் பேச்சே வேண்டாம். படிக்கு வெளியே பேவர் பிளாக்கிலோ சிமெண்ட் தளத்திலோ கோலத்துக்கென்று ஒரு சதுரம் ஒதுக்கினால் போதும். மார்கழியில் பெரிய கோலம் போட அங்கேதான் இடமும் கிடைக்கும்.

ஏசி தண்ணீர் தனிப் பிரச்சினை. மழை மூன்று மாதம். இது சித்திரையிலும் சொட்டும். வெயில் படாத ஓரத்தில் பாசி பிடிக்கும், கறுப்புக் கல்லில் கண்ணுக்கும் தெரியாது. குழாயை நீட்டி மழைநீர் வடிகாலில் சேர்ப்பது ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை. பிடித்த பாசிக்கு 10 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, 15 நிமிடம் விட்டு, கெட்டி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கை உறை அவசியம். அதே இடத்தில் ஆசிட் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அளப்பது எப்படி

ஈரத் தரைக்கு நம்பகமான கருவி ஊசல் சோதனைக் கருவி. ஆடி வரும் கையின் நுனியில் 76 மி.மீ. அகல ரப்பர் பட்டை இருக்கும். அது குதிகால் வழுக்குவதைப் போல 126 மி.மீ. தூரம் தரையை உரசிச் செல்லும். எவ்வளவு உயரம் எழுகிறது என்பதிலிருந்து பி.டி.வி. (ஊசல் சோதனை மதிப்பு) என்ற எண் கிடைக்கும். செருப்பு நடைக்குக் கெட்டியான 96 எண் ரப்பர். வெறுங்காலுக்கு மென்மையான 55 எண் ரப்பர். ஒவ்வோர் இடத்திலும் எட்டு முறை ஆடவிட்டு, முதல் மூன்றை விட்டுவிட்டு, கடைசி ஐந்தின் சராசரி எடுக்க வேண்டும். மூன்று திசைகளில் அளக்க வேண்டும். 24 வரை என்றால் வழுக்கும் அபாயம் அதிகம், 25 முதல் 35 வரை நடுத்தரம், 36ம் அதற்கு மேலும் என்றால் குறைவு. பாலிஷ் போட்ட விட்ரிஃபைடும் கிரானைட்டும் காய்ந்திருக்கும்போது 36ஐ எளிதில் தாண்டும். நனைத்தால் 24க்குக் கீழே இறங்கிவிடுவது வழக்கம். ஒரே தரையின் இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் அந்த மூன்றாவது எட்டு இருக்கிறது. ஆய்வகத்தையோ ஆலோசகரையோ அழைத்தால், ஈர அளவும் கேளுங்கள், துடைப்பதற்கு முன்னும் நன்றாகக் கழுவிய பின்னும் தனித்தனியாக. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் கோளாறு துடைப்பதில். இரண்டுமே குறைவாக இருந்தால் கோளாறு கல்லில்.

கருவி கிடைக்காவிட்டால் ஒப்பீட்டுக்கு மட்டும் ஒரு சாய்வுப் பலகை சோதனை செய்யலாம். மிச்சமிருக்கும் டைல் ஒன்றை 100 செ.மீ. நீளப் பலகையின் நடுவில் ஒட்டி, நனைத்து, அதன் மேல் செருப்பையும் செருப்பின் மேல் 2 கி.கி. எடையையும் வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்த வேண்டும். 20 செ.மீ. உயரத்தில் நழுவினால் குணகம் 0.2, 29 செ.மீ. என்றால் 0.3, 37 செ.மீ. என்றால் 0.4. இது நிலைத்திருக்கும் பொருளின் உராய்வு. இறங்கி வரும் குதிகாலுக்கு அடியில் படலம் சிக்குவதை இது காட்டாது. ஸ்பிரிங் தராசால் எடையை இழுத்துப் பார்க்கும் முறைக்கும் இதே குறை. மழமழப்பான ஈரத் தரையில் ரப்பர் ஒட்டிக்கொண்டு, உண்மையைவிட நல்ல எண்ணைக் காட்டிவிடும். இரண்டு டைலில் எது மேல் என்று தேர்ந்தெடுக்க இது உதவும். இந்தத் தரை பாதுகாப்பானது என்று சான்று கொடுக்க உதவாது.

டைல் கடையில் "ஆர்9, ஆன்டி ஸ்கிட்" என்று சொல்லி விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மானிய டி.ஐ.என். 51130 சோதனையில், எண்ணெய் தடவிய சாய்தளத்தில் வரி வெட்டிய பாதுகாப்புக் காலணி போட்ட ஒருவர் நடப்பார். வழுக்கும் கோணத்தை வைத்து ஆர்9 முதல் ஆர்13 வரை வகுப்பார்கள். ஆர்9 என்றால் 6 முதல் 10 பாகை. அந்த வரிசையிலேயே கடைசி இடம் அதற்குத்தான். தேய்ந்த ரப்பர் செருப்போடு மழையில் வருகிறவருக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. மழை படும் வெளிப்படிக்கு ஆர்11, அதோடு ஈரத்தில் 36 பி.டி.வி. சான்று, இரண்டையும் எழுத்தில் கேட்பது நல்லது. "மேட் ஃபினிஷ்" என்பது மினுக்கம் குறைவு என்று மட்டுமே பொருள். விரல் நகத்தால் கீறிப் பார்த்தால் சில மேட் டைல்கள் பாலிஷ் டைல் போலவே வழுக்கிக்கொண்டு போகும்.

செய்ய வேண்டிய வேலை, வரிசைப்படி

முதலில் பழைய பிசுக்கை எடுக்க வேண்டும். காரத்தன்மை உள்ள டிகிரீசரை (எண்ணெய்ப் பசை நீக்கும் திரவம்) லேபிளில் சொன்ன அளவில் கலந்து, மூன்று சதுர மீட்டர் அளவுள்ள பகுதியாக ஊற்றி, 10 நிமிடம் காயவிடாமல் வைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வருகிற கறுப்புச் சேற்றை வைப்பரால் தள்ளி அள்ளிவிட வேண்டும். மாப்பால் ஒற்றினால் பாதி அங்கேயே தங்கும். பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர். துணிச் சோதனையில் துணி வெள்ளையாக வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்து அன்றாட முறை. இரண்டு வாளி: ஒன்றில் மருந்து கலந்த தண்ணீர், மற்றதில் மாப்பை அலசும் தண்ணீர். பினாயிலுக்குப் பதில் நடுநிலை பி.எச். உள்ள தரைத் திரவம், மூடியால் அளந்து. அலசும் தண்ணீர் கலங்கியதும் மாற்ற வேண்டும். கடைசியில் காய்ந்த மாப் ஒரு சுற்று. மழை நாளில் காலை ஒரு முறை துடைப்பதால் பயனில்லை. ஆட்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்த் திரும்பும் நேரங்களில் வைப்பர் போட வேண்டும். இதை வாட்ச்மேன் மேல் கூடுதல் சுமையாகப் போட்டுவிட்டு, விழுந்தால் அவரையே திட்டுவது நியாயமல்ல. நேரமும் பொருளும் கொடுத்தால் அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

மிதியடி விஷயத்தில் பெரும்பாலான கட்டடங்கள் செய்வது போதவே போதாது. ஒவ்வொரு காலும் குறைந்தது இரண்டு முறையாவது மிதியடியில் பதிய வேண்டும். ஓர் எட்டு 65 செ.மீ. என்றால் நான்கு எட்டுக்கு 2.6 மீட்டர். வாசலுக்கு வெளியே தண்ணீரைச் சுரண்டும் கெட்டி ரப்பர் மிதியடி, உள்ளே தண்ணீரை உறிஞ்சும் மிதியடி, இரண்டும் சேர்ந்து இந்த நீளம். அடியில் ரப்பர் பூச்சு இல்லாவிட்டால் மிதியடியே டைல் மேல் ஓடும். மழை பெய்ததும் அவசரத்துக்கு விரிக்கிற கோணிச் சாக்கைக் கவனித்துப் பாருங்கள்: ஒருவர் மிதித்ததும் சாக்கின் முன் ஓரம் இரண்டு விரற்கடை முன்னால் நகர்ந்திருக்கும், பின் ஓரம் சுருண்டு ஒரு மடிப்பு எழுந்திருக்கும். அடுத்தவர் வரும்போது மடிப்பு தடுக்கும், சாக்கு நழுவும், இரண்டும் ஒன்றாக. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுவதும் அப்படியே. நனைந்ததும் கூழாகி அது தனி வழுக்கலாகிவிடும்.

இதன் பிறகும் ஈர அளவு 36ஐத் தொடவில்லை என்றால் கல்லின் மேல்பரப்பில் கை வைக்க வேண்டும். லாபி டைலுக்கு ரசாயன முறையில் சொரசொரப்பு ஏற்றலாம். அமோனியம் பைஃப்ளோரைடு கலந்த கரைசல், விட்ரிஃபைடிலும் கிரானைட்டிலும் உள்ள சிலிகாவை நுண்ணிய அளவில் அரிக்கும். முதலில் மூலையில் ஒரு டைலில் செய்து பார்த்து, மினுக்கம் எவ்வளவு போகிறது, பி.டி.வி. எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைக்க வேண்டும். இந்த ரசாயனம் விளையாட்டல்ல. தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே ஊடுருவி எலும்பு வரை பாதிக்கும். முழுக் கை உறை, கண்ணாடி, காற்றோட்டம், முதலுதவிக்குப் பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் எல்லாம் வைத்திருக்கிற, பழக்கமுள்ள ஆட்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். கடப்பா கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு வகை. அவற்றில் எந்த அமில முறையும் வேண்டாம், கல் பாழாகும். தேய்மானத்தால் இந்தச் சொரசொரப்பு குறையும், குறிப்பாக மணல் மிதிபடும் வாசலில். ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன் புரட்டாசியில், மறுபடி அளக்க வேண்டும்.

டிரான்ஸ்பரன்ட் கோட்டிங் போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: பாலிஷ் பரப்பில் அது எப்படி ஒட்டும்? அடியில் சொரசொரப்பு இல்லாமல் பூசியது ஓரத்திலிருந்து உரிந்து, உரிந்த இடமும் உரியாத இடமும் மாறி மாறி வரும். பிடி திடீரென்று மாறுவதுதான் இந்த வாசலின் நோய். அதை நாமே புதிதாக உண்டாக்கக் கூடாது.

படியும் சாய்தளமும்

படிக்கு முறை வேறு. இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி படியின் நுனியில்தான் எடையைப் போடுகிறது. நம் மேஸ்திரிகள் நுனியிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே மூன்று கோடு வெட்டிவிட்டு, வழுக்காது சார் என்று சொல்லிவிடுவார்கள். கால் அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் நுனியில் வழுக்கல் தொடங்கிவிடும். கோட்டுக்கு நடுவே உள்ள கல்லும் பாலிஷாகவே இருக்கிறது. மழுங்க உருட்டிய நுனி இன்னும் மோசம். கால் பதியும் அகலம் குறைகிறது. நுனியிலிருந்தே தொடங்கும் 50 மி.மீ. அகலச் சொரசொரப்புப் பட்டை, படியின் நிறத்துக்கு மாறான நிறத்தில், முழு நீளத்துக்கும் வேண்டும். ஒட்டும் பட்டை என்றால் பிசுக்கை எடுத்து, நன்றாகக் காய்ந்த கல்லில், மூலைகளை வட்டமாக நறுக்கி ஒட்டினால்தான் மழைக்காலம் முழுவதும் நிற்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் இந்தப் பாடு எதுவும் படத் தேவையில்லை. வெளிப்படிக்கும் சாய்தளத்துக்கும் ஃபிளேம்டு கிரானைட் வாங்கலாம். கல்லை எரிவாயுச் சுடரால் சூடேற்றும்போது, 573 பாகை செல்சியஸில் குவார்ட்ஸ் படிகம் வடிவம் மாறிச் சட்டென்று விரிந்து, மேல்தோல் பொரிந்து உதிரும். கிடைக்கும் சொரசொரப்பு ஈரத்திலும் 36ஐ நன்றாகத் தாண்டும். ஏற்கெனவே பதித்த கல்லில் இந்தச் சுடரை அடிக்கக் கூடாது. கல் விரிசல் விடும், அடிக் கலவை விடுபடும். அங்கே எந்திரத்தால் கொத்துவதுதான் வழி. கல்லின் தடிமனும் அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்பதும் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

சாய்தளத்தில் கணக்கு எளிது. சரிவின் விகிதம் அப்படியே தேவையோடு கூடும். 1:10 சரிவில் இறங்குகிறவருக்குத் தேவை 0.2 அல்ல, 0.3 அளவு. கட்டட விதிகள் சொல்கிற 1:12இல் இது 0.28. சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து இறக்குகிறவர், நாற்காலியின் இழுப்பையும் சேர்த்துத் தன் செருப்பால் தாங்குகிறார். பாலிஷ் கிரானைட் சாய்தளம் மழையில் யாரும் பயன்படுத்த முடியாத அலங்காரமாகிப்போவது இதனால்தான். இந்த வாசலில் முதலில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால் சாய்தளம் என்றே சொல்வோம். அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு வழி இல்லை.

லிஃப்ட் வாசலின் ஸ்டீல் பட்டை, பார்க்கிங்கில் வடிகாலுக்கு மேல் போட்ட இரும்புத் தகடு, இரண்டுமே ஈரத்தில் வழுக்கும். தகட்டுக்குக் கட்டம் போட்ட செக்கர்டு பிளேட் இருந்தாலும், மேடுகள் தேய்ந்து மின்ன ஆரம்பித்தால் மாற்ற வேண்டும். பைக்கில் திரும்பும் வளைவில் அந்தத் தகடு இருந்தால் உடனே.

வீட்டுக்குள் ஒரு இடம்

வாசலைச் சரிசெய்துவிட்டுக் குளியலறையை விட்டுவிட்டால் பாதி வேலைதான். தீபாவளி காலையும் சனிக்கிழமையும் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயின் பாகுநிலை தண்ணீரைப் போல ஐம்பது மடங்கு அளவு. படலம் வெளியேறும் நேரமும் அதே மடங்கு கூடும். ஒரு விநாடியின் பின்னமாக இருந்தது பல விநாடியாகிவிடும். 70 மைக்ரான் சொரசொரப்புள்ள டைலைக் குளியலறையில் போட முடியாது. கால் எரியும், அழுக்கும் போகாது. ஆகவே ஆன்டி ஸ்கிட் டைல் போட்டாச்சு என்று எண்ணெய் விஷயத்தில் நம்பிக்கை வைக்கக் கூடாது. எண்ணெய் தேய்த்துக்கொள்வதை ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே பழைய துணி விரித்துச் செய்ய வேண்டும். எழும் முன் உள்ளங்காலைத் துடைத்துக்கொள்ள வேண்டும். சீயக்காய் போட்டுக் குளித்து முடித்ததும் தரையில் சிறிது பாத்திரம் துலக்கும் திரவம் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே அடுத்தவர் உள்ளே போக வேண்டும். வெந்நீர் என்றால் எண்ணெய் இன்னும் எளிதாக விடும். சுவரில் போல்ட் போட்டு முறுக்கிய கைப்பிடி, உட்கார்ந்து எழும் இடத்தில் ஒன்று, கதவருகே ஒன்று. ரப்பர் உறிஞ்சியில் ஒட்டும் கைப்பிடிகள் ஈர டைலில் எடையைத் தாங்காது. ஒரு முறை பிடித்துத் தொங்கிப் பார்த்தாலே கையோடு வரும்.